10.9 புள்ளி எப்படிக் கிடைக்கிறது?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) போட்டியில் இலக்கின் மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான். நடுவில் இருக்கும் பத்தாம் வட்டம் வெறும் 0.5 மி.மீ. அதை நோக்கிப் பாயும் பெல்லட்டின், அதாவது சிறு குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. குறியைவிடக் குண்டு பெரியது என்பதால், பெல்லட்டின் விளிம்பு பத்தாம் வட்டத்தைத் தொட்டாலே 10 புள்ளி உண்டு. ஆனால் இன்றைக்கு வெறும் பத்தை வைத்துக்கொண்டு யாரும் ஜெயிக்க முடியாது. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. விலகியிருந்தால் 10.0. அங்கிருந்து உள்ளே வரவர, ஒவ்வொரு 0.25 மி.மீட்டருக்கும் 0.1 கூடும். உச்சம் 10.9.

இதை யார் அளப்பது? பழைய காலத்தில் அட்டையை எடுத்துப் பார்த்து நடுவர்கள் முடிவு சொன்னார்கள். இப்போது மின்னணு இலக்குகள். அவற்றில் ஒரு வகை காதால் அளக்கிறது. பெல்லட் திரையைத் துளைக்கும் சத்தத்தை மூலைகளில் உள்ள மைக்குகள் பிடிக்கின்றன. எந்த மைக்குக்குச் சத்தம் எவ்வளவு முந்தி வந்தது என்பதைக் கொண்டு துளையின் இடம் கணக்கிடப்படுகிறது. ஒலி 0.25 மி.மீ. கடக்க ஒரு மைக்ரோ நொடிகூட ஆகாது! காற்றின் வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும், அதையும் கருவி கணக்கில் எடுத்தாக வேண்டும். லேசர் ஒளியால் அளக்கும் இலக்குகளும் உண்டு.

இந்தத் தசமங்கள் எவ்வளவு கொடூரமானவை என்பதைப் பாரிஸ் 2024 ஒலிம்பிக் காட்டியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்தார். சராசரி 10.5. அப்படியும் 10-ஆவது இடம்தான், இறுதிச் சுற்றுக்கு 8 பேரே போக முடியும். ஆண்கள் இறுதியில் இந்தியாவின் அர்ஜுன் பபுதாவின் 20-ஆவது குண்டு 9.5. மையத்திலிருந்து 4 மி.மீ.கூட விலகவில்லை. ஆனாலும் நான்காம் இடத்தோடு வெளியேறினார். இறுதிச் சுற்றில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், தகுதிச் சுற்றில் சேர்த்த புள்ளிகள் அங்கே கைகொடுப்பதில்லை. எனக்கு இது இன்னமும் மனசுக்கு ஒப்பவில்லை.

சுடுபவர் உடுத்தும் முரட்டுக் கோட்டைப் பார்த்து, அதுதான் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. கோட்டுத் துணி ஒற்றை அடுக்கில் 2.5 மி.மீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது, விறைப்பையும் கருவி வைத்துச் சோதிப்பார்கள். ஷூவின் அடிப்பகுதி வளைய வேண்டும். துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது, தொலைநோக்கி பொருத்தக் கூடாது. நின்று சுடும்போது துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் தோள்வாருக்கும் அனுமதி இல்லை. ஆக, எடையைத் தாங்குவது எலும்புதான். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைச் சற்றே பின்னுக்கு வளைத்து நிற்கிறார்கள். துப்பாக்கியில் குறி பார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்குறி 0.02 மி.மீ. அசைந்தாலே இலக்கில் 0.1 புள்ளி போய்விடும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை அது. விசையை அழுத்திய பிறகும் அசையாமல் நிற்க வேண்டும், பெல்லட் குழலைவிட்டு வெளியேற நேரம் பிடிக்கும். போட்டி முடிந்த பின்னும் உடையைச் சோதிப்பதுண்டு. அதில் தவறினால் எடுத்த புள்ளிகள் அத்தனையும் செல்லாது.