நடுத்தரக் காலிபர் வேட்டை ரைஃபிள் வாங்கும் முன்: பின்னுதைப்பை எப்படிக் கணிப்பது?

ரைஃபிள் சுடப் பயிற்சி அளிப்பதும், வாங்கிய துப்பாக்கியின் கட்டையை (தோளில் ஊன்றும் பின்பகுதியை) அவரவர் உடலுக்கு ஏற்ப அளந்து திருத்திக் கொடுப்பதும் என் தொழில். சட்டம் வேட்டையை அனுமதிக்கும் இடங்களில் உரிமத்தோடு வேட்டையாடுபவர்கள், சிறிய காலிபரிலிருந்து (காலிபர் என்பது குழலின் உள்விட்ட அளவு) நடுத்தரக் காலிபருக்கு மாறிய சில வாரங்களில் என்னிடம் வந்து, புதிய ரைஃபிள் குறி தப்புகிறது, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிபார்த்துத் தாருங்கள் என்று கேட்பது வழக்கம். ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் நான் ஒரு சோதனை செய்கிறேன். தோட்டாக்களை நானே நிரப்பி, வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை, சுடுபவருக்குத் தெரியாமல் இடையில் சேர்த்துவிடுகிறேன். அதன் முறை வரும்போது வெடிச்சத்தம் எழுவதில்லை. ஆனால் குழல்முனை சட்டென்று கீழே பாய்கிறது, கண்கள் இறுக மூடுகின்றன, தோள் முன்னோக்கித் தள்ளுகிறது. வராத உதைக்கு உடல் முன்கூட்டியே பதறியதை அவரே பார்த்துவிடுவதால், அதற்குப் பிறகு ஸ்கோப்பைப் பற்றிய பேச்சு எழுவதில்லை.

குறி தப்புவதற்குப் பின்னுதைப்பு, அதாவது சுடும்போது ரைஃபிள் பின்னோக்கி வந்து தோளை உதைப்பது, நேரடிக் காரணமல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குண்டு குழலைக் கடந்து வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. 60 செ.மீ. குழலும் நான்கு கிலோ எடையும் கொண்ட .375 அங்குலக் காலிபர் ரைஃபிள் அந்த நேரத்தில் பின்னோக்கி நகர்வது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. நம் தோளை அடிக்கும் உதையின் பெரும்பகுதி குண்டு போன பிறகுதான் வந்து சேர்கிறது. குறியைக் கெடுப்பது விசையை இழுக்கும் கணத்திலேயே உடல் காட்டும் பதற்றம். அதன் விலையைக் கொடுப்பது விலங்கு: நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாய்ந்தால், அது பல மணி நேரம் துடித்து, யாரும் கண்டெடுக்க முடியாத இடத்தில் சாகும். நான் இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

மீடியம் போர் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது பொதுவாக .33 அங்குலத்திலிருந்து .375 அங்குலம் வரையிலான குழல்களை. ஜெர்மானியத் துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ போக் 1905-இல் வடிவமைத்த 9.3×62 (மில்லிமீட்டர் அளவில்), ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம், 1958-இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவை இந்த வகுப்பின் நன்கறியப்பட்ட தோட்டாக்கள். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் தேடுவது பின்னுதைப்பு ஆற்றல் அட்டவணையைத்தான். அந்தக் கணக்கு எளியது. குண்டின் எடையை அதன் வேகத்தாலும், வெடிமருந்தின் எடையைக் குழல்முனையில் பீறிடும் வாயுவின் வேகத்தாலும் பெருக்கிக் கூட்டி, ரைஃபிளின் எடையால் வகுத்தால், ரைஃபிள் பின்னோக்கி வரும் வேகம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் அது ஆற்றல். 19.4 கிராம் குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .375, நான்கு கிலோவைச் சற்றே தாண்டிய ரைஃபிளில் ஏறக்குறைய 53 ஜூல் தருகிறது. பலரும் பழகிய சிறிய .30-06 தோட்டா, எட்டுப் பவுண்டு (3.6 கிலோ) ரைஃபிளில் 11.7 கிராம் குண்டோடு, இதில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. .375-இன் உதையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மருந்து வாயுவால் வருவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குண்டின் எடையை மட்டும் ஒப்பிட்டு இரண்டு தோட்டாக்களின் உதையை மதிப்பிடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அட்டவணை பொய் சொல்வதில்லை, ஆனால் அது சொல்வது துப்பாக்கியின் ஆற்றலை, தோளின் அனுபவத்தை அல்ல. 3.6 கிலோ எடையுள்ள .338 மேக்னத்துக்கு அதே கணக்கில் 49 ஜூல் வருகிறது. நான்கு கிலோவைத் தாண்டிய .375-ஐவிட அது குறைவு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டவர்களில் பெரும்பாலானோர் .338 வெடுக்கென்று குத்துவதாகவும், .375 அழுத்தித் தள்ளுவதாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ரைஃபிள் பின்னோக்கி வரும் வேகத்தைப் பார்த்தால் இதன் காரணம் ஓரளவு விளங்கும்: ஆற்றல் குறைந்த அந்த .338-தான் நொடிக்கு 5.2 மீட்டர் வேகத்தில் வருகிறது, .375 அதைவிடச் சற்றே மெதுவாக வருகிறது. மலையேறச் சுமை குறையட்டும் என்று இலேசான ரைஃபிளை நாடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதே .375-இன் எடையில் அரை கிலோவைக் குறைத்தால் ஆற்றல் 53-லிருந்து 60 ஜூலாக ஏறிவிடும்.

வேகத்துக்கும் மேலாக நான் கருதுவது கட்டையின் பொருத்தம். என் மேசைக்கு வரும் ரைஃபிள்களில் பாதிக்கு மேல் காலிபரால் அல்ல, கட்டையால்தான் வலிக்கின்றன. திறந்த குறிமுனைகளுக்காகச் செய்யப்பட்ட பழைய பாணிக் கட்டையின் மேல்விளிம்பு தாழ்ந்திருக்கும். அதன்மீது ஸ்கோப்பைப் பூட்டியதும், கண்ணை உயர்த்துவதற்காகச் சுடுபவர் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்துவிடுகிறார். இப்போது கட்டைக்கும் கன்ன எலும்புக்கும் இடையே உள்ள வெளியைக் கடந்து கட்டை வேகம் எடுத்து வந்து மோதுகிறது. கட்டையின் குதிப்பகுதி (பின்முனையின் மேல்மூலை) குழலின் கோட்டுக்கு மிகக் கீழே இருந்தால், உதை நேராகத் தோளுக்குள் போகாமல் குழல்முனையை மேலே தூக்கும். அந்தத் தூக்கலில் கட்டை முகத்தை அறையும். தோளில் படும் அடிப்பட்டையின் சாய்வு தவறாக இருந்தால் அதன் கீழ்முனை மட்டும் அக்குளுக்கு அருகே குத்திக் கன்றிப்போகச் செய்யும். அடிப்பட்டை குறுகலாக இருந்தாலும் இதே கதைதான்: அதே விசை சிறிய பரப்பில் விழுகிறது. நல்ல ரப்பர் பட்டை உதையைக் குறைப்பதில்லை. அது உதையை நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது, அகலமாக இருந்தால் பரந்த இடத்துக்கும் பகிர்கிறது. கட்டையின் நீளத்தை வேட்டைக்கு அணியும் தடித்த சட்டையோடு அளக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டை நீளமாகிப்போனால் அதைத் தோள்குழியில் வைக்க முடியாமல் கை எலும்பின்மீது வைப்பார்கள். குட்டையாகிவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு வந்து சேரும். இந்தக் காலிபர்களில் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ.க்குக் குறைவான இடைவெளியை நான் ஏற்பதில்லை. விசைக்காப்பு வளையம் நடுவிரலை இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வார் மாட்டும் கொக்கி முன்னால் பிடிக்கும் கையைக் கிழிக்காதிருக்க, கனமான ரைஃபிள்களில் அதைக் கட்டையிலிருந்து குழலுக்கு மாற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஓசையையும் தோள் உதையாகவே எண்ணிக்கொள்கிறது. காதுக்கு ஒரே வெடியில் நிரந்தரக் கேடு விளைவிக்கக்கூடிய அளவு 140 டெசிபெல் என்று கொள்ளப்படுகிறது. பெரிய ரைஃபிள்கள் 160-ஐத் தொடுகின்றன. காதடைப்பும் அதன்மேல் காதுறையும் சேர்த்து அணிந்து சுட்ட பிறகு, இதே ரைஃபிளா இவ்வளவு மென்மையாகிவிட்டது என்று வியந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். குழல்முனையில் பொருத்தும் பிரேக் உதையை உண்மையாகவே குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்புவதால் ஓசையைச் சுடுபவரின் காதுக்கும், அருகில் நிற்கும் துணைவரின் காதுக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. காட்டில் காதுறையோடு அலைபவர் அரிது என்பதால், வேட்டை ரைஃபிளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் ஒலியடக்கி உதை, ஓசை இரண்டையும் ஒருசேரக் குறைக்கிறது.

இனி வாங்குவதற்கு முந்தைய சோதனை. கடையில் வெறும் ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்ப்பதாலும், மேசையில் மணல்மூட்டைமீது வைத்துச் சுட்டுப் பார்ப்பதாலும் சரியான முடிவு கிடைக்காது. மேசையில் குனிந்து அமர்ந்தவரின் உடல் பின்னோக்கிச் சாய இடமில்லாமல் முழு உதையையும் வாங்கிக்கொள்கிறது. நின்றபடி சுடுபவர் அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்கிறார். நல்ல உடற்கட்டுள்ளவர்கள் மேசையில் தளர்ந்துபோவதையும், மெலிந்தவர்கள் நின்றபடி அதே ரைஃபிளை எளிதாகக் கையாள்வதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே யாரிடமாவது அந்த ரைஃபிளைப் பெற்று, வேட்டையில் எப்படி நிற்பீர்களோ அப்படியே, முட்டுக்கோலில் (ரைஃபிளைத் தாங்கும் கோலில்) ஊன்றிச் சுடுங்கள். முதல் மூன்று குண்டுகள் எதையும் சொல்லாது, ஏனெனில் அப்போது ஊக்கமே தாங்கிக்கொள்ளும். எட்டாவது, ஒன்பதாவது குண்டில் குறி விரிகிறதா என்று பாருங்கள். இடையில் பயிற்சித் தோட்டாவை நிரப்ப இன்னொருவரைக் கேளுங்கள். ஒரே நாளில் பத்து, பதினைந்து குண்டுகளுக்கு மேல் வேண்டாம்: பதற்றம் ஒரு பிற்பகலில் ஒட்டிக்கொள்ளும், விடுவதற்கோ மாதங்கள் ஆகும், அதுவும் உதை மிகக் குறைந்த சிறிய .22 ரைஃபிளில் மீண்டும் தொடங்கி.

தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், விழித்திரைக் கோளாறு இருந்தவர்களும், சுடும் தோளின் பக்கம் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் காலிபர்களைச் சுடக் கூடாது. தொடர்ந்த உதையால் பேஸ்மேக்கரின் கம்பி சேதமடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதை நான் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவேன். வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு.

சென்ற பருவத்தில் .338 ஒன்றோடு வந்தவரின் பயிற்சித் தோட்டாச் சோதனை மிக மோசமாக அமைந்தது. ரைஃபிளை விற்றுவிடத் தயாராக இருந்தவருக்கு, முதலில் கட்டையின் மேல்விளிம்பை உயர்த்தி, நீளத்தைக் குறைத்து, அகன்ற ரப்பர் பட்டையைப் பொருத்தினேன், ஆறு வாரங்கள் .22-இல் மட்டும் சுடச் சொன்னேன். திரும்பி வந்தபோது பயிற்சித் தோட்டாவின் முறை வந்தது. விசை சொடுக்கியது, குழல்முனை அசையவில்லை.