ஒரு பல், ஒரு கணுக்கால் எலும்பு: ஆதி பிரைமேட்டுகளைக் கண்டறிவது எப்படி?

லெமூர், தேவாங்கு, குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய பிரைமேட் வரிசையின் ஆதி உறுப்பினர்கள் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் கிடைத்து, 2013இல் அறிவிக்கப்பட்ட ஆர்க்கிசீபஸ் 5.5 கோடி ஆண்டுகள் பழையது. எடை 20 முதல் 30 கிராம். இத்தனை சிறிய உடல் காட்டில் செத்து விழுந்தால், மெல்லிய எலும்புகளைப் பிணந்தின்னிகள் நொறுக்கிவிடும். மிச்சத்தை மண்ணின் அமிலம் கரைத்துவிடும். தப்பிப்பவை பற்கள். பல்லின் வெளி உறையான எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அடுத்தபடியாகக் கணுக்கால் எலும்புகள். குட்டையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் உடையாமல் மிஞ்சுகின்றன. பிரைமேட்டுகளின் தொடக்கம் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்து வந்ததே.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பல்லைத் தரையில் கண்ணால் தேடிப் பொறுக்க முடியாது. படிவை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து சலிக்க வேண்டும். முதல் வேலை, களிமண் கட்டிகளை முழுக்கக் காய வைப்பது. நன்கு காய்ந்த களிமண் நீரில் போட்டதும் தானே பிரியும்; அரை ஈரமாக இருந்தால் ஊற ஊறக் கட்டியாகவே கிடக்கும். அப்படியும் பிரியாத காய்ந்த கட்டிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு நீர் ஊற்றுவார்கள். பிறகு அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுவார்கள். அழுத்தித் தேய்த்தால் பல்லின் முனைகள் உடைந்துபோகும். இனத்தை அடையாளம் காண அந்த முனைகள்தான் தேவை.

சல்லடையில் தங்குவதில் பெரும்பகுதி மணல். அதை நீக்க அடர்த்தி உதவுகிறது. நீரின் அடர்த்தி 1 என்றால், மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸுக்கு 2.65, புதைபடிவப் பல்லுக்கு ஏறத்தாழ 3. சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான உப்பின் கரைசலை 2.75 அளவுக்குக் கொண்டுவந்து, காய்ந்த எச்சத்தை அதில் கொட்டினால் மணல் மிதக்கும், பல் மூழ்கும். இரும்புக் கனிமங்களும் கூடவே மூழ்கும் என்பது ஒரு தொல்லை. அதைவிடப் பெரியது, துளைகளில் காற்று தங்கிய எலும்பு மணலோடு மிதந்துவிடுவது. அதனால் மிதந்ததையும் நுண்ணோக்கியில் பார்க்காமல் கொட்டிவிடக் கூடாது. கழுவக் குழாய் நீர் ஆகாது. அதிலுள்ள கால்சியம் வினைபுரிந்து வண்டலாக இறங்கி, விலை மிகுந்த கரைசலைக் கெடுத்துவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும்.

கிடைத்த பல்லை வாசிப்பது அடுத்தது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்பாதி உயர்ந்த முக்கோணம், பின்பாதி தாழ்ந்த கிண்ணம். பூச்சியை மட்டும் தின்னும் விலங்குக்கு முக்கோணம் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும். பிரைமேட் கிளையில் அது தாழ்கிறது, முனைகள் மழுங்குகின்றன, கிண்ணம் அகல்கிறது. பழத்தை நசுக்க ஏற்ற அமைப்பு இது. முதல் கீழ்க் கடைவாய்ப்பல்லின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, இன்று வாழும் இனங்களின் அளவுகளோடு ஒப்பிட்டு உடல் எடையைக் கணிக்கிறார்கள். தனியாகக் கிடைத்த பல் முதலாவதா இரண்டாவதா என்பதில் பிசகினால் எடையும் பிசகிவிடும்.

அமெரிக்காவின் மான்டானாவில் கிடைத்த பர்கடோரியஸ் என்ற பேரினம் 1965இல் பற்களைக் கொண்டே பெயர் பெற்றது. டைனோசர்கள் அழிந்து ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே இது வாழ்ந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015இல் விவரிக்கப்பட்ட கணுக்கால் எலும்புகள் பாதம் பல பக்கமும் திரும்பக்கூடியது என்று காட்டின, அதாவது மரமேறி. ஆனாலும் இதை முழுமையான பிரைமேட் என்று எல்லோரும் ஏற்பதில்லை.

தயக்கத்துக்குக் காரணம், பிரைமேட் அடையாளங்கள் ஒரேயடியாக வரவில்லை என்பதுதான். வயோமிங்கில் கிடைத்து 2002இல் விவரிக்கப்பட்ட கார்ப்போலெஸ்டஸ் என்ற விலங்கின் கால் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கும். அதில் நகம்கூட உண்டு. ஆனால் கண்கள் பக்கவாட்டில் இருந்தன. கண்குழிக்குப் பின்னால் எலும்பு வளையம் இல்லை. தாவும் கால்களும் இல்லை. கிளையைப் பற்றும் பிடி முதலில் வந்தது, முன்நோக்கும் கண்கள் பின்னால் வந்தன என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இந்த அடையாளங்கள் சேர்ந்தமைந்த பிரைமேட்டுகள் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், புவி திடீரெனச் சூடேறிய காலத்தில் தோன்றுகின்றன. அப்போது வளிமண்டலத்தில் கலந்த பெருமளவு கார்பனால், கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13இன் விகிதம் சட்டென்று சரிந்தது. அந்தச் சரிவு உலகெங்கும் பாறைகளில் பதிந்திருக்கிறது. சரிவின் எந்தப் படியில் பல் கிடைத்தது என்று பார்த்தால் கண்டம் விட்டுக் கண்டம் வயதை ஒப்பிடலாம். டெய்ல்ஹார்டினா என்ற ஆதி பிரைமேட் இப்படித்தான் ஆராயப்பட்டது: ஆசியாவில் தோன்றி, ஐரோப்பா வழியாக வட அமெரிக்காவுக்குப் பரவியது என்று 2006இல் சொன்னார்கள். வட அமெரிக்க இனமும் அதே அளவு பழையதாக இருக்கலாம் என்று 2019 ஆய்வு திருத்தியது.

முழு எலும்புக்கூடு கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஜெர்மனியின் மெசல் குழியில் 1983இல் கிடைத்து, 2009இல் பெரும் விளம்பரத்தோடு அறிவிக்கப்பட்ட 'இடா' (டார்வினியஸ்) 4.7 கோடி ஆண்டுகள் பழையது. சுமார் 95 சதவீதம் முழுமையானது. வயிற்றில் இலையும் பழமும்கூட இருந்தன. அதைக் குரங்குக் கிளையின் அருகில் வைத்த முடிவு சில மாதங்களில் ஆட்டம் கண்டது. அது லெமூர் பக்கத்து விலங்கு என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. மறுபுறம், சீனாவின் ஷாங்குவாங்கில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலிருந்து சலித்தெடுத்த அரிசி அளவுக் கணுக்கால் எலும்புகள், 4.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசிமியஸுக்குக் குரங்குகளோடு உறவு உண்டு என்ற வாதத்தை வலுப்படுத்தின. எலும்புக்கூட்டின் முழுமையைவிட எந்த மூட்டு கிடைத்திருக்கிறது என்பதே முக்கியம்.

அப்படித் தீர்ப்புச் சொல்லும் எலும்பு கிடைக்காத குறை ஆப்பிரிக்காவில் இன்னும் தீரவில்லை. மொராக்கோவின் ஆல்டியாட்லேசியஸ் ஏறத்தாழ 5.7 கோடி ஆண்டுகள் பழையது. கிடைத்திருப்பவை பெரும்பாலும் தனித்தனிக் கடைவாய்ப்பற்கள். அவற்றை வைத்தே சிலர் அதை ஆதிக் குரங்கு என்கிறார்கள், சிலர் பிரைமேட்டே இல்லை என்கிறார்கள். அதே படிவிலிருந்து ஒரு கணுக்கால் எலும்போ, நடுச்செவியை மூடும் எலும்புக் குமிழோ கிடைத்தால் ஒரு பக்கம் விலக வேண்டியிருக்கும்.