அழைப்பிதழில் என்னை மந்திரவாதி என்று போடாதீர்கள்

கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று மேடையேறி மேஜிக் செய்வது என் தொழில். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் 'மந்திரவாதி' என்று போட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். அதன் பலன் நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் தெரியும். "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு யாரோ வச்சுட்டாங்க, எடுத்துக் குடுப்பியா?" என்று ஓர் அம்மா தணிந்த குரலில் கேட்பார். எல்லாம் கைவேகம்தான் என்று சற்றுமுன்தான் மைக்கில் சொல்லியிருப்பேன்!

எங்கள் தொழிலுக்குத் தமிழில் ஒளிவுமறைவில்லாத பழைய பெயர் உண்டு: செப்படி வித்தை. செப்பு என்றால் சிமிழ், சிறு கிண்ணம். பிள்ளைகள் வைத்து விளையாடும் சொப்பும் அதுதான். கவிழ்த்த கிண்ணத்துக்கு அடியில் பந்தை வரவழைப்பதும் மறைப்பதும்தான் வித்தை. ரோமில் செனெகா என்ற தத்துவஞானி சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏமாறுவதுதான் இதில் இன்பம், செய்முறை தெரிந்தால் சுவை போய்விடும் என்பது அவர் கணக்கு.

வடமொழியில் இந்திரஜாலம் என்றால் இந்திரனின் வலை. அதர்வ வேதத்தில் அது பகைவர் மேல் வீசும் ஆயுதம். பிற்பாடுதான் கண்கட்டு வித்தைக்குப் பெயரானது. மாயாவி என்ற சொல்லை ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில் உவமையாக எடுக்கிறார். வாளும் கேடயமும் ஏந்திக் கயிறு பிடித்து வானத்தில் ஏறுவதாகத் தெரிபவன் வேறு, தரையில் நிற்கும் நிஜ மாயாவி வேறு என்கிறார். அது வெறும் தோற்றம் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தானே அந்த உவமை எடுபடும்?

மந்திரவாதி என்ற பேர் அப்படியில்லை. அதில் வித்தையே கிடையாது, சக்திதான் இருக்கிறது. கை அதே கைதான். பஸ் ஸ்டாண்டு ஓரத்து மோடி வித்தையை நடுவயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன் என்பார். வட்டத்தை விட்டு நகர்ந்தால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பார். சண்டை கடைசிவரை நடக்காது, தாயத்து மட்டும் விற்றுத் தீரும்.

போஷ் என்ற பழைய டச்சு ஓவியர் வரைந்ததாகவோ அவர் பட்டறையில் உருவானதாகவோ சொல்லப்படும் ஓர் ஓவியம் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செப்படி வித்தைக்காரர் விரலிடுக்கில் ஒரு சின்ன உருண்டையைத் தூக்கிக் காட்டுகிறார். ஒருவர் மேஜைமேல் குனிந்து வாயைப் பிளந்து அதையே பார்க்கிறார். பின்னால் நிற்பவர் ஒன்றுமறியாதவர்போல் அண்ணாந்தபடியே குனிந்தவருடைய பணப்பையை உருவுகிறார். ஏமாற்று நடக்கும் இடம் மேஜை அல்ல. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

சரி, ஊரில் ஓடும் சரக்குக்கு வருகிறேன். வெறுங்கையில் வரும் விபூதி, கஞ்சித் தண்ணீரில் உருட்டிக் காயவைத்துக் கட்டைவிரல் இடுக்கில் ஒளித்த உருண்டை. எலுமிச்சையில் வடியும் 'ரத்தம்', கத்தியில் தடவிக் காயவைத்த செம்பருத்திச் சாறு. புளிப்பு பட்டதும் சிவக்கும். நெய் ஊற்றியதும் தானாகப் பற்றும் யாகத்தில் நெய்யாக வருவது கிளிசரின், குண்டத்தில் முன்பே கிடப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். அலுமினியச் சட்டம் போட்ட சாமி படத்தில் சாம்பல் பூப்பது பாதரசக் குளோரைடின் வேலை. அது நஞ்சு. பிரசாதம் என்று வாயில் போட்டுவிடாதீர்கள்.

கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் மறைந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த், ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்டவற்றைச் செய்துகாட்டி விளக்கினார். இலங்கையில் இன்னொரு பகுத்தறிவாளரான ஆபிரகாம் கோவூர், அற்புதத்தை நிரூபித்தால் லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அவர் 1978-ல் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

இப்போது பலருக்குப் பணம் பறிபோவது இரிடியம் கலசத்தில். இரிடியம் என்பது ஓர் அரிய உலோகம். கோபுரத்தில் இடி விழுந்த கலசம், அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்பார்கள். கண்முன்னே அரிசி தாவிப்போய் ஒட்டவும் செய்யும். இரிடியம் அரிசியை இழுக்காது, இரும்பைக்கூட இழுக்காது. உள்ளே காந்தம் இருக்கும், அரிசிமேல் இரும்புத்தூள் ஏறியிருக்கும். உங்கள் வீட்டு அரிசியை ஒரு பிடி எடுத்துப் போய்ப் பக்கத்தில் வையுங்கள். நேரம் சரியில்லை, தீட்டு என்று காரணங்கள் வரும். அப்புறம் 'சோதனைச் செலவு', 'விஞ்ஞானி வருகைச் செலவு' என்று முன்பணம் கேட்பார்கள். அந்தக் கோட் சூட் விஞ்ஞானியும் அவர்கள் ஆள்தான்.

பணம் போனபின் என்னிடம் வருகிறவர்களில் பலர் போலீசுக்குப் போகத் தயங்குகிறார்கள். கோயில் கலசத்தை வாங்க நினைத்தோமே, நம்மையே பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். ஒரு வக்கீலைப் பார்த்து விவரத்தைச் சொல்லிவிட்டு அவரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு.