'சும்மா ஒரு விசாரணை' என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "ஒரு சின்ன விசாரணை, வந்துட்டுப் போயிடுங்க." எதற்கு என்று கேட்டால், "நேர்ல வாங்க, சொல்றோம்." அத்துமீறல் என்று பிறகு கோர்ட்டில் பேசப்படும் பல வழக்குகளின் முதல் பக்கம் இதுதான். போனவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும், "செல்லைக் குடு, பாத்துட்டுத் தரேன்" என்பதும், அடி விழுவதும் அந்தக் காகிதமில்லாத நேரத்தில்தான் நடக்கின்றன. ஆகவே முதல் வேலை, அந்த நேரத்துக்கு ஒரு காகிதத்தை உண்டாக்குவது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத பிரிவு எண்கள் எல்லாம் இதனுடையவை. அதன் 179-ஆம் பிரிவின்படி, ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க அழைக்க எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தவே முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபராக அழைப்பதென்றால் 35(3) நோட்டீஸ். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில்தான் வந்திருக்கிறது என்றால் பதில் சொல்லாமல் இருந்துவிட வேண்டாம். "முறைப்படி நேரில் சார்வு செய்யுங்கள், ஆஜராகிறேன்" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். (சார்வு என்றால் நோட்டீஸை உரியவரிடம் முறைப்படி சேர்ப்பது.) பிறகு "ஒத்துழைக்கவில்லை" என்று ரிமாண்ட் அறிக்கையில் (கைதானவரைக் காவலில் வைக்கக் கேட்டு மேஜிஸ்திரேட்டிடம் போலீஸ் கொடுப்பது) எழுத வழியிருக்காது.

முறையான நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும். போய்க்கொண்டிருக்கும்வரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே தேதியையும் மணியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். காலையில் கைது செய்துவிட்டு மாலையில் நோட்டீஸில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த மணிக்கணக்குதான் பின்னால் ஜாமீன் மனுவில் பேசும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலும் 2022-இல் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், 7 ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களில் இந்த நடைமுறையை மீறிய கைதை ஜாமீனுக்கான காரணமாகவே பார்த்தது.

எஃப்.ஐ.ஆர். இல்லை, வெறும் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததை ஸ்டேஷனில் பதியும் பதிவேடு) மனு விசாரணைதான் என்பார்கள். அப்படியானால் சி.எஸ்.ஆர். எண்ணைக் கேளுங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் வழக்குப் பதிவதற்கு முன் விசாரிக்க 173(3) இடம் கொடுக்கிறது; அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குள் போகும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த ஸ்டேஷன், யார் கூப்பிட்டது, எத்தனை மணி என்று சொல்லி, லொகேஷனையும் பகிர்ந்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆள் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால், வீட்டார் மாவட்ட எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நான்கு வரி போதும்: பெயர், ஸ்டேஷன், அழைத்துப்போன நேரம், "சட்டவிரோதக் காவலில் இருப்பதாக அஞ்சுகிறோம்". ஒரு காலத்தில் வக்கீல்கள் இதற்குத் தந்திதான் அடிப்பார்கள். அதில் விழுந்த நேர முத்திரையை ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் எந்த ரைட்டராலும் திருத்த முடியாது. 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது, அந்த வேலையை மின்னஞ்சல்தான் இனிப் பார்க்க வேண்டும். ஆட்கொணர்வு மனு போடும் நிலை வந்தால் வக்கீல் முதலில் கேட்பதும் அந்த மின்னஞ்சலைத்தான். கைதானவரை 24 மணி நேரத்தில் மேஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கு கைது மெமோவில் (கைது விவரங்களைப் பதியும் தாள்) எழுதிய நேரத்திலிருந்து அல்ல, ஆளை வெளியே விடாமல் நிறுத்திய நேரத்திலிருந்தே ஓடும் என்ற வாதத்தை உயர் நீதிமன்றங்கள் ஏற்ற வழக்குகள் உண்டு. நிறுத்திய நேரத்துக்குச் சான்று இருந்தால்தான் வாதம் நிற்கும்.

கைது என்று சொல்லிவிட்டால் 36-ஆம் பிரிவுப்படி கைது மெமோ வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதுக்கான காரணங்களை வாயால் சொன்னால் போதாது. எல்லா வழக்குகளிலும் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டாலும் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்டால், 181-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் கோபம் வரும் என்பதும் தெரிந்ததுதான். மறுக்க முடியாத நிலையில் கையெழுத்துப் போட்டவர், ரிமாண்டின்போது மேஜிஸ்திரேட்டிடம் அதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

உடம்பில் காயம் இருந்தால் அதையும் அங்கேயே, சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும். 53-ஆம் பிரிவின்படி எடுக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரியது. வாங்குபவர்கள் குறைவு. அடுத்து சி.சி.டி.வி. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரவிலும் தெரியும்படி, ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், 18 மாதப் பதிவைச் சேமிக்க வேண்டும், அது முடியாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்த மாஜிஸ்திரேட், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். எனவே 18 மாதம் இருக்குமே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை முதல் ரிமாண்ட் நாளிலேயே மேஜிஸ்திரேட்டிடம் கொடுங்கள், நகலை எஸ்.பி.க்கு அனுப்புங்கள்.

இனி செல்போன். அதைக் கைப்பற்ற போலீசுக்கு 94, 106 ஆகிய பிரிவுகளில் அதிகாரம் உண்டு. வாகனச் சோதனையில் நிறுத்தி வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொல்ல அந்தப் பிரிவுகளில் இடமில்லை. கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றிய பொருளை விவரித்துச் சாட்சிகள் கையெழுத்திடும் தாள்) எழுத வேண்டும். 105-ஆம் பிரிவுப்படி தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்து மேஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். மகஜரில் "ஒரு கறுப்பு நிறச் செல்போன்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். மாடல், போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (இரண்டு சிம் என்றால் இரண்டு எண்), சிம், மெமரி கார்டு, திரையில் கீறல் இருந்தால் அது, ஆஃப் செய்த நிலையில் இருந்ததா என்பது, கவரில் வைத்து சீல் போட்டார்களா என்பது எல்லாம் வர வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

போனைத் திறந்தபடி கொடுப்பதுதான் பெரிய தவறு. ஸ்டேஷனில் நாலு பேர் விரலால் தள்ளிப் பார்த்த போனில் எந்தச் செய்தி யாரால் வந்தது, எது அழிந்தது என்று பிறகு நிரூபிப்பது இரு தரப்புக்கும் பாடு. போனில் உள்ளதை நகலெடுத்த உடனே கணக்கிடும் ஹேஷ் மதிப்பு, அந்த நகலின் கைரேகை மாதிரி; ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். மின்னணுச் சாட்சியத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழ்ப் படிவத்தில் அதற்கென்று இடமே இருக்கிறது. பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் சட்டம் இன்னும் தெளியவில்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பாஸ்வேர்டு கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்றது. 2022-இல் டெல்லி சி.பி.ஐ. தனி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. விரல் ரேகைக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் குறைவு, 1961-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சாட்சியமாகக் கருதவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்த போன் முதலில் ரேகையை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். ஆனால் எதையும் அழிக்காதீர்கள். இல்லாத வழக்கில் சாட்சியத்தை அழித்த வழக்கு சேர்ந்துகொள்ளும். போனைத் திரும்பப் பெற 503-ஆம் பிரிவில் மனு போடலாம்.

ஒட்டுக்கேட்பது வேறு கதை. அதற்கு மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள். 7 வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று, 2011-இல் பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். லஞ்ச வழக்கைத் துப்புத் துலக்குவது, ஒட்டுக்கேட்கச் சட்டம் கேட்கும் பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகாது, மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கும் அது வைக்கப்படவில்லை என்பவை காரணங்கள். உங்கள் போன் கேட்கப்பட்டதா என்று யாரும் கடிதம் போட்டுச் சொல்லப்போவதில்லை. குற்றப்பத்திரிகையோடு 230-ஆம் பிரிவில் தரும் நகல்களில் உரையாடல் எழுத்துப்படி இருந்தால்தான் தெரியவரும். அப்படி இருந்தால் உத்தரவின் நகலும், குழுவுக்கு அனுப்பிய தேதியும் அந்தக் கட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கோர்ட் குற்றச்சாட்டு வனைவதற்கு (குற்றச்சாட்டுகளை முறைப்படி பதிவதற்கு) முன்பே கேட்டு மனு போட வேண்டும்.