பிலிப்பைன்ஸில் சிறுதொழில் தொடங்குபவர்களுக்கு வருமான வரி விலக்கு: யாருக்கு லாபம், யாருக்கு இல்லை

பிலிப்பைன்ஸில் சொத்து மதிப்பு 30 லட்சம் பெசோவைத் தாண்டாத சிறுதொழில், அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால், வருமான வரியே கிடையாது. 2002 நவம்பரில் வந்த குடியரசுச் சட்டம் 9178 தரும் உரிமை இது. நம் ஊர் வார்டு போல அங்கே அடிமட்ட நிர்வாகப் பிரிவுக்குப் பரங்காய் என்று பெயர். நாடு முழுக்க 42,000க்கும் மேற்பட்ட பரங்காய்கள் உண்டு. அந்தப் பெயரிலேயே இதைப் 'பரங்காய் குறுந்தொழில் நிறுவனம்', சுருக்கமாக பி.எம்.பி.இ. என்கிறார்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நம்மோடு வேலை பார்க்கும் பிலிப்பினோக்களில் பலருக்கு, சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி ஒரு கடை போட வேண்டும் என்பதுதான் கனவு. பிலிப்பினோவைத் திருமணம் செய்து அங்கேயே குடியேறிய தமிழர்களும் இருக்கிறார்கள். 'பி.எம்.பி.இ. எடுத்துவிட்டால் வரித் தொல்லை முடிந்தது' என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். சிலருக்கு இந்தச் சான்றிதழால் ஒரு பெசோகூட மிச்சமாகாது, சிலருக்கு அதிகமாகவே செலவாகும். எனவே விண்ணப்பிப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கடைக்கு உரிமம்

பி.எம்.பி.இ. சான்றிதழ் தொழில் உரிமம் ஆகாது. வழக்கமான பதிவுகளை முடித்த பிறகு அவற்றோடு சேர்த்து வாங்குவதுதான் அது.

தனிநபர் தொழிலுக்கு வணிக, தொழில் துறையில், அதாவது டி.டி.ஐ.யில், தொழிலின் பெயரைப் பதிய வேண்டும். இணையத்திலேயே முடித்துவிடலாம். பெயருக்கு எவ்வளவு பரப்பில் பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும்: ஒரு பரங்காய்க்குள் மட்டும் என்றால் 200 பெசோ, நகரம் அல்லது முனிசிபாலிட்டி முழுக்க என்றால் 500, மண்டலத்துக்கு 1,000, நாடு முழுக்க 2,000. இதோடு 30 பெசோ முத்திரை வரி. பதிவு 5 ஆண்டு செல்லும். சாரி-சாரி என்று அங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடைக்கு 200 பெசோ பதிவே போதும். பக்கத்து ஊரிலும் கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பெரிய பரப்புக்குப் பதிந்துவிடுவது நல்லது. கூட்டாண்மையும் கம்பெனியும் பங்குச் சந்தை ஆணையத்தில் பதிய வேண்டும். கூட்டுறவுகளுக்குத் தனி ஆணையம் இருக்கிறது.

அடுத்தது பரங்காய் அனுமதியும் மேயர் உரிமமும். 2018இன் சட்டம் 11032 வந்த பிறகு பரங்காய் அனுமதியையும் நகராட்சி அலுவலகத்திலேயே சேர்த்து வாங்கலாம். வாடகை ஒப்பந்தம், அந்த இடத்தில் அந்தத் தொழில் நடத்தலாம் என்ற மண்டலச் சான்று, தீயணைப்புத் துறையின் ஆய்வுச் சான்று ஆகியவை கேட்பார்கள். உணவுத் தொழிலுக்குச் சுகாதார உரிமமும், உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் உடல்நலச் சான்றும் கூடுதலாக வேண்டும். பலருக்கு மண்டலச் சான்றில்தான் சிக்கல் வருகிறது. முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் போட்ட பிறகு, அது குடியிருப்பு மண்டலம் என்று சொல்லி உரிமத்தை மறுத்துவிடுவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகராட்சியில் இதை விசாரித்துவிடுங்கள்.

மேயர் உரிமத்தை ஆண்டுதோறும் ஜனவரி 20க்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால் 25% வரை கூடுதல் கட்டணமும், மாதம் 2% வரை வட்டியும் விழும்.

மூன்றாவது, வரித்துறையான பி.ஐ.ஆர். தனிநபர் என்றால் படிவம் 1901. பதிவு முடிந்ததும் 2303 என்ற பதிவுச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கடையில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பதிவு செய்வதும், பில் புத்தகம் அச்சிட அனுமதி வாங்குவதும் இதன் தொடர்ச்சி. முன்பு ஆண்டுக்கு 500 பெசோ பதிவுக் கட்டணம் இருந்தது. 2024 ஜனவரி 22 முதல் அது இல்லை. இப்போதும் யாராவது அந்த 500ஐக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

30 லட்சத்தில் எது சேரும்

மிக அதிகமாகத் தவறு நடப்பது இந்தக் கணக்கில்தான். உச்சவரம்பு சொத்துக்குத்தான், விற்பனைக்கு இல்லை. கடை, பட்டறை இருக்கும் நிலத்தின் மதிப்பை மட்டும் கழித்துவிடலாம். கட்டடம், இயந்திரம், வண்டி, சரக்கு, கையிருப்புப் பணம் எல்லாம் சேரும். கடனில் வாங்கியதும் சேரும்.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். நிலம் 20 லட்சம் பெசோ, அது கணக்கில் வராது. கட்டடம் 12 லட்சம், அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும் 4.5 லட்சம், கடனில் வாங்கிய வண்டி 6 லட்சம், மாவு, சர்க்கரை இருப்பு 80 ஆயிரம், ரொக்கம் 1.2 லட்சம். மொத்தம் 24.5 லட்சம், எனவே தகுதி உண்டு. மறு ஆண்டு வியாபாரம் பெருகி, 7 லட்சத்துக்கு இன்னொரு அடுப்பைக் கடனில் வாங்கினால் மொத்தம் 31.5 லட்சம் ஆகித் தகுதி போய்விடும். கடன்தானே, சொந்தப் பணம் இல்லையே என்று விட்டுவிடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மதிப்புக்கூட்டு வரிக்கும் இதே 30 லட்சம் என்ற எண் வருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அது ஆண்டு விற்பனைக்கான வரம்பு. விற்பனை 30 லட்சத்தைத் தாண்டினால் 12% மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிய வேண்டும். சொத்து 10 லட்சமும் விற்பனை 50 லட்சமும் உள்ள கடைக்கு பி.எம்.பி.இ. தகுதி இருக்கும், மதிப்புக்கூட்டு வரியும் இருக்கும். இரண்டும் வெவ்வேறு கணக்கு.

உற்பத்தி, பதப்படுத்துதல், வியாபாரம், சேவை எல்லாமே இந்தத் திட்டத்துக்குள் வரும். அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றுச் செய்யும் தொழில்களுக்கு இடமில்லை: மருத்துவர், வழக்கறிஞர், கணக்காயர் போன்றவர்கள் தங்கள் தொழிலுக்கு இதைக் கேட்க முடியாது. பெரிய நிறுவனத்தின் கிளையாக இருந்தாலும் கிடைக்காது. நிதித் துறையின் 2004ஆம் ஆண்டு விதிகள் பிரான்சைஸ் கடைகளையும் விலக்குகின்றன. சியோமாய் ஸ்டாலோ மில்க் டீ கடையோ பிரான்சைஸ் எடுத்து நடத்த நினைப்பவர்கள் இந்த வரி விலக்கை நம்பிப் பட்ஜெட் போடக் கூடாது.

எவ்வளவு மிச்சமாகும்

விலக்கு வருமான வரிக்கு மட்டும்தான். மதிப்புக்கூட்டு வரிக்குப் பதியாத கடைகள் 'சதவீத வரி' என்ற பெயரில் விற்பனையில் 3% கட்ட வேண்டும். அது பி.எம்.பி.இ.க்கும் உண்டு.

சாதாரணத் தனிநபர் தொழிலுக்கு வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி படிநிலை வரி. ஆண்டு லாபத்தில் முதல் 2.5 லட்சம் பெசோவுக்கு வரி இல்லை, அதற்கு மேல் 4 லட்சம் வரை 15%, பிறகு கூடிக்கொண்டே போகும். இதோடு அந்த 3% சதவீத வரியும் தனி. இன்னொன்று, 2018இல் வந்த 8% வழி. மொத்த விற்பனையில் 2.5 லட்சத்தைக் கழித்து, மீதியில் 8% கட்டினால் போதும், சதவீத வரி கிடையாது. விற்பனை 30 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.எம்.பி.இ. சான்றிதழ் உள்ளவர் இந்த 8% வழியை எடுக்க முடியாது. இரண்டு சலுகைகளையும் ஒருவரே வாங்கக் கூடாது என்பது பி.ஐ.ஆர். விதி.

வேறு வருமானம் எதுவும் இல்லாத மூன்று கடைகளுக்குக் கணக்குப் போடுவோம்.

செல்போன் ரிப்பேர் கடை ஒன்றின் ஆண்டு வரவு 3.6 லட்சம். 8% வழியில் 1.1 லட்சத்துக்கு வரி 8,800 பெசோ. பி.எம்.பி.இ.யில் 3% கட்டினால் 10,800. சான்றிதழ் எடுத்தால் 2,000 பெசோ நஷ்டம்.

சாரி-சாரி கடை ஒன்றில் விற்பனை 12 லட்சம், செலவு போக லாபம் 1.8 லட்சம். 8% வழியில் 76,000 பெசோ. படிநிலை வழியில் லாபம் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரி இல்லை, சதவீத வரி 36,000 மட்டும். பி.எம்.பி.இ.யிலும் அதே 36,000தான். வரியைப் பொறுத்தவரை சான்றிதழால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் தெரியாமல் 8% வழியை டிக் செய்தவர் ஆண்டு முழுக்க இரட்டிப்புக்கு மேல் கட்டுவார். ஒரு ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த ஆண்டு முடியும்வரை மாற்ற முடியாது.

தையற்கடை ஒன்றில் வரவு 9 லட்சம், லாபம் 4 லட்சம். 8% வழியில் 52,000. படிநிலையில் 22,500 வருமான வரியும் 27,000 சதவீத வரியும் சேர்ந்து 49,500. பி.எம்.பி.இ.யில் 27,000 மட்டும். இந்தக் கடைக்குச் சான்றிதழ் ஆண்டுக்கு 22,500 பெசோ மிச்சம் பிடித்துத் தருகிறது.

ஆக, வரவு 4 லட்சத்துக்குக் கீழே இருந்தால் 8% மலிவு. லாபம் 2.5 லட்சத்துக்குள் என்றால் படிநிலையும் பி.எம்.பி.இ.யும் ஒன்றுதான். வரவு 4 லட்சத்துக்கு மேலும் லாபம் 2.5 லட்சத்துக்கு மேலும் இருப்பவருக்குத்தான் இந்தச் சட்டம் உண்மையில் கைகொடுக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆண்டே அந்த அளவை எட்டுவது அரிது. கடை நிலைத்து நின்ற பிறகு எடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சம்பளமும் பிற பொறுப்புகளும்

பி.எம்.பி.இ.க்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலிருந்தும் விலக்கு உண்டு. மணிலா பெருநகரப் பகுதியில் 2025 ஜூலையில் நாளுக்கு 695 பெசோ என்ற ஊதியம் நடைமுறைக்கு வந்தது, 15 பேருக்கு மேல் இல்லாத சில்லறை, சேவைக் கடைகளுக்கு 658. ஆள் வைத்து நடத்தும் கடைக்கு இது பெரிய தொகை என்பது உண்மைதான். ஆனாலும் 'எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்' என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்.எஸ்.எஸ். சமூகக் காப்பும் பில்ஹெல்த் மருத்துவக் காப்பும் தொழிலாளிக்குக் கட்டாயம் என்று இதே சட்டம் சொல்கிறது. டிசம்பர் 24க்குள் கொடுக்க வேண்டிய 13ஆம் மாதச் சம்பளத்திலும் விலக்கில்லை. ஏற்கெனவே கொடுத்து வரும் பலன்களைச் சான்றிதழைக் காட்டிக் குறைக்கவும் முடியாது, தொழிலாளர் சட்டத்தின் 100ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. எங்கள் கருத்தில், வரி விலக்கை எடுத்துக்கொண்டு சம்பளத்தை ஊரில் நடப்பில் உள்ள அளவிலேயே கொடுப்பதுதான் நியாயம். சம்பளம் குறைந்தால் வேலை தெரிந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

முதலுக்கு '5-6' கடனை நாடாதீர்கள். 5 வாங்கி 6 திருப்பித் தரும் கந்துவட்டிதான் அது, தினமும் வண்டியில் வந்து வசூலிப்பார்கள். அதற்கு மாற்றாகவே 2017இல் அரசு பி-3 என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. 5,000 முதல் 2 லட்சம் பெசோ வரை, மாத வட்டி 2.5%க்கு மேல் போகாமல் கடன் தந்தது. அரசுச் சிறுதொழில் நிதி நிறுவனமான எஸ்.பி. கார்ப் இப்போது என்னென்ன கடன் தருகிறது என்று, டி.டி.ஐ.யின் சிறுதொழில் உதவி மையமான நெகோஸ்யோ சென்டரில் கேட்டால் சொல்வார்கள்.

விண்ணப்பமும், பிறகு செய்ய வேண்டியதும்

முன்பு நகரக் கருவூல அலுவலர் தந்துகொண்டிருந்த சான்றிதழை, 2014இன் சட்டம் 10644க்குப் பிறகு டி.டி.ஐ.யின் நெகோஸ்யோ சென்டர்தான் தருகிறது. கட்டணம் இல்லை. விண்ணப்பப் படிவம், பெயர்ப் பதிவுச் சான்று, சொத்து விவரம் ஆகியவற்றோடு போனால் போதும். மேயர் உரிமத்தின் நகலையும் வரி எண்ணையும் கையில் வைத்திருங்கள். ஆவணங்கள் முழுமையாக இருந்தும் 15 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பி.ஐ.ஆர்.க்கு அது தானாகத் தெரியாது. உங்கள் பகுதியின் வருவாய் அலுவலகத்தில் நகலைக் கொடுத்து, சொத்து மதிப்பு பற்றிய உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும். இந்த விலக்குக்கான நிதித் துறை விதிகள் தொழில் உள்ளூர்த் தன்மை கொண்டதா என்றும் பார்க்கின்றன. பெரும்பாலான ஊழியர்கள் அதே முனிசிபாலிட்டியில் குடியிருக்க வேண்டும், தொழிலும் முக்கியமாக அந்த எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும். நாடு முழுக்க ஆன்லைனில் விற்பவர்களுக்குக் கேள்வி எழுவது இந்த இடத்தில்தான்.

வருமான வரி இல்லை என்றாலும் சதவீத வரிப் படிவம் 2551Qஐ ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 25 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுத்தால், பணம் தரும்போதே அவர்கள் வரி பிடிப்பார்கள். பில்லோடு விலக்குச் சான்றின் நகலையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், பிடித்த பிறகு திரும்ப வாங்குவது கடினம்.

சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். காலாவதியான பிறகு வரும் வருமானத்துக்கு விலக்கு இல்லை. தெரிந்தே சொத்தைக் குறைத்துக் காட்டி விதியை மீறினால் 25,000 முதல் 50,000 பெசோ வரை அபராதமும், 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்று. சில்லறை விற்பனையில் வெளிநாட்டவர் இறங்க 2.5 கோடி பெசோ முதலீடு வேண்டும் என்கிறது சட்டம் 11595. மனைவி பெயரில் கடையைப் பதிந்து, பணமும் நிர்வாகமும் முழுக்கக் கணவன் கையில் இருந்தால் பினாமி தடைச் சட்டம் பாயும். வெளிநாட்டவரான கணவரோ மனைவியோ இதில் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கடை ஓடவில்லை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். படிவம் 1905ஐக் கொடுத்து பி.ஐ.ஆர். பதிவை மூட வேண்டும், நகராட்சியிலும் டி.டி.ஐ.யிலும் தனித்தனியாக ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தாக்கல் ஆகாத ஒவ்வொரு படிவமும் உங்கள் வரி எண்ணின் மேல் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டு கழித்து வேறு தொழிலுக்குப் பதியப் போகும்போது, அந்த அபராதத்தைக் கட்டிய பிறகே புதுப் பதிவு கிடைக்கும்.