கவனக்குறைவு வெடிதீர்வு: சொல் விளக்கம்

துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர் சுட எண்ணாத வேளையில் அதிலிருந்து குண்டு பாய்ந்துவிடுவதை ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘ஆக்சிடென்டல் டிஸ்சார்ஜ்’ என்றே வழங்கினார்கள். பிரிட்டிஷ் ராணுவம் அதையே ‘நெக்லிஜென்ட் டிஸ்சார்ஜ்’ என்று பெயரிட்டுத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் தேசிய சேவை ஆற்றியவர்கள் அறிந்த பெயர் ‘யூடி’; ‘அன்ஆதரைஸ்டு டிஸ்சார்ஜ்’ என்பதன் சுருக்கம் அது. பெயர்கள் மூன்றும் ஒரே நிகழ்வைச் சுட்டினாலும், முதலாவது சுடும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறது. இரண்டாவது பிழை யாருடையது என்று பார்க்கிறது. மூன்றாவது, சுடுவதற்குக் கட்டளை இருந்ததா என்பதை மட்டும் பார்க்கிறது. தமிழில் நாம் இவை எல்லாவற்றையும் ‘துப்பாக்கி தற்செயலாக வெடித்தது’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறோம். இத்தொடரை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

‘டிஸ்சார்ஜ்’ என்பதன் அடியில் இருப்பது வண்டியைக் குறிக்கும் ‘காருஸ்’ என்னும் இலத்தீன் சொல். வண்டியிலிருந்து சுமையை இறக்குவது என்ற முதற்பொருளிலிருந்தே துப்பாக்கிக்கும், மின்கலத்திற்கும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கும் அது பொதுச்சொல் ஆயிற்று. ‘துப்பாக்கி’யும் வெளியிலிருந்து வந்ததுதான்; துருக்கி மொழியின் ‘துஃபெக்’ என்பதோடு உறவுடைய அச்சொல் உருது வழியாகத் தென்னக மொழிகளில் நுழைந்தது, தெலுங்கில் ‘துபாகி’ ஆனது. ஆயுதம் இரவல் பெயருடன் வந்தாலும் அதைச் சுடுவதற்குத் தமிழ் தன் வினையையே அமைத்துக்கொண்டது. கடன் தீர்ப்பதுபோலத் துப்பாக்கியில் ஏற்றிவைத்ததைத் தீர்ப்பது ‘வெடிதீர்த்தல்’. இலங்கைத் தமிழில் ‘வெடி தீர்த்தான்’, ‘வெடி தீர்க்கப்பட்டது’ என்று இன்றும் இயல்பாக வழங்கும் இந்த வினை, சுமையிறக்கம் என்ற மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்பதால், ‘டிஸ்சார்ஜ்’ என்பதற்கு ‘வெடிதீர்வு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘துப்பாக்கிச்சூடு’ என்றால் வாசகர் மனத்தில் தாக்குதல் என்ற எண்ணமே முதலில் எழும். ‘துப்பாக்கி வெடித்தது’ என்றாலோ, குழல் பிளந்து சிதறியது என்றும் பொருள்பட்டுவிடும்.

இனி ‘தற்செயல்’. தன் + செயல் எனப் பிரியும் இச்சொல், யாரும் எண்ணிச் செய்யாமல் தானாக நேர்ந்ததைக் குறிக்கிறது. ஓர் ஆயுதம் தானாகச் சுடுமா? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரையின் மதிலைக் காத்த ‘வளைவிற் பொறி’யைக் குறிப்பிடுகிறது, வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்று அதற்கு உரை கூறுவார்கள். அது தானாக எய்யவே செய்யப்பட்டது. துப்பாக்கி அப்படிப்பட்ட பொறியன்று. எனினும் கருவியின் குறையால் குண்டு பாய்வது உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்டென் துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே சுட்டுவிடக்கூடியது. தொடர்ந்து சுட்டுக் கொதிக்கும் குழலில் தங்கிய தோட்டா அந்த வெப்பத்தாலேயே வெடிப்பதும் உண்டு. இவற்றுக்குத் ‘தன்வெடிப்பு’ என்ற பெயர் பொருந்தும்.

ஆனால், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட இக்காலத் துப்பாக்கி விசை இழுக்கப்படாமல் சுடுவது அரிது. விசையின்மேல் விரல் இருந்ததும், உள்ளே தோட்டா இல்லை என்று நம்பியதும் சேரும்போதுதான் பெரும்பாலும் விபரீதம் நேர்கிறது. தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவது மிகப் பழைய தவறு. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் ஒன்று எஞ்சியிருக்கலாம். மேகசினைக் கழற்றாமல், அறையை மூடியிருக்கும் பகுதியை முதலில் பின்னிழுத்தால், அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். ஆனால் கைவிட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது அறைக்குள் ஏறிவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றி, ‘காலி’ என்ற நம்பிக்கையோடு விசையை இழுப்பவர் தோட்டா நிறைந்த துப்பாக்கியின் விசையைத்தான் இழுக்கிறார். ஆகவே, முதலில் மேகசின், பிறகு பின்னிழுத்தல், பிறகு அறையைக் கண்ணால் பார்த்தல் என்ற வரிசை ஒருபோதும் மாறக்கூடாது. திடுக்கிட்டாலோ கால் தடுக்கினாலோ கை தன்னையறியாமல் இறுகும் என்பதால், குறிபார்க்கும்வரை விரல், விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக்கூண்டுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகள் இதையே சொல்கின்றன: எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே கொள்ள வேண்டும், அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழல்வாய் திரும்பக்கூடாது, குறி அமையும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது, இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றது உயிரைக் காக்கும்.

பிளாங்க் எனப்படும், குண்டில்லாத பயிற்சித் தோட்டா கட்டளையின்றி வெடித்தாலும் நம் சிங்கப்பூர்ப் படையில் அது யூடிதான். மிக அருகில் அதன் வாயுவே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் இந்தக் கண்டிப்பு முற்றிலும் நியாயமானது.

கவனக்குறைவைச் சுட்டத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘அஜாக்கிரதை’ வடமொழியில் விழிப்பைக் குறிக்கும் ‘ஜாக்ரத்’ என்பதன் எதிர்மறை. விழித்த கண்ணோடு விழிப்பின்றி இருத்தல். குறளின் 54ஆம் அதிகாரமான ‘பொச்சாவாமை’ கண்டிக்கும் ‘பொச்சாப்பு’, மகிழ்ச்சியில் மூழ்கிக் கடமையை மறக்கும் சோர்வு. பயிற்சி முடிந்த களிப்பில் துப்பாக்கியைச் சோதிக்க மறப்பதை இதைவிடக் கச்சிதமாக உரைக்கும் சொல்லை நான் கண்டதில்லை; ஆனால் இன்றைய செய்தி வாசகருக்கு அது எட்டாது. சட்டமும் பிழை எவ்வகையானது என்பதைக் கவனிக்கிறது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்படி, கொல்லும் எண்ணமின்றி மரணம் விளைவித்தவருக்கு, கண்மூடித்தனமான செயலென்றால் 5 ஆண்டுவரையும், கவனக்குறைவென்றால் 2 ஆண்டுவரையும் சிறை விதிக்கலாம்.

ஆகவே, கட்டளையின்றி நேர்வது ‘அனுமதியற்ற வெடிதீர்வு’; கையாள்பவரின் பிழையால் நேர்வது ‘கவனக்குறைவு வெடிதீர்வு’; கருவியின் குறையால் நேர்வது ‘தன்வெடிப்பு’. காரணம் தெரியாத முதல்நாள் செய்தியில் இவற்றுள் எதையும் முந்திக்கொண்டு எழுத வேண்டியதில்லை. ‘அதிகாரி துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது அதிலிருந்து குண்டு பாய்ந்து ஒருவர் காயமுற்றார், காரணம் விசாரிக்கப்படுகிறது’ என்று எழுதினால் போதும். ‘தற்செயலாக’ என்ற சொல்லை அதில் சேர்த்தால், விசாரணை தொடங்குமுன்பே பிழை யாருடையதும் இல்லை என்று செய்தியாளர் தீர்ப்பளித்தவர் ஆகிறார்.