வெப்பப் பாலம்: உலோக நிலை ஏன் நனைகிறது?

டொரண்டோ போன்ற குளிர் ஊர்களில், உலோக நிலை (கதவைத் தாங்கும் சட்டம்) பொருத்திய வாசற்கதவைத் தை மாத விடியலில் பார்த்தால், அதன் கீழ்மூலையிலும் பூட்டுத் தகட்டைச் சுற்றியும் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். இதற்குக் காரணமாக ஆங்கிலத்தில் சொல்லப்படும் ‘கோல்ட் பிரிட்ஜ்’ (cold bridge) என்பதை அப்படியே பெயர்த்தால் ‘குளிர்ப்பாலம்’ என்றாகும். ஆனால் குளிர் என்பது ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வரும் பொருளன்று. கடந்து போவது வீட்டின் வெப்பமே. ஜெர்மானியரும் பேச்சில் ‘கெல்டெப்ரூக்கெ’ (குளிர்ப்பாலம்) என்பார்கள். அவர்களது தொழில்நூல்கள் ‘வெர்மெப்ரூக்கெ’ (வெப்பப் பாலம்) என்றே எழுதுகின்றன. தமிழிலும் ‘வெப்பப் பாலம்’ என்பதே பொருத்தமானது. வெப்பம் எளிதில் கடக்க முடியாத ஆறாக வெப்பக் காப்பிட்ட சுவரைக் கொண்டால், அதன் குறுக்கே உள்ளிருந்து வெளிவரை நீளும் உலோகச் சட்டமே பாலம். வாட்/(மீட்டர்·கெல்வின்) அலகில், மென்மரத்தின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.13, எஃகினுடையது 50, சட்டங்களுக்கு உதவும் அலுமினியக் கலவையினுடையது 160 அளவில் இருக்கும்.

‘நிலை வியர்க்கிறது’ என்கிறோம். அழகான வழக்குதான், ஆனால் நீர் உலோகத்துக்குள்ளிருந்து வருவதில்லை. 20 பாகை செல்சியஸும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 9 பாகை. நிலையின் உட்பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தால், காற்றிலுள்ள நீராவி அங்கே ஒடுங்கி நீராகும்.

பெயரைச் சரியாக வைப்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அதுவே பரிகாரத்துக்கும் வழிகாட்டுகிறது என்பதுதான். குளிர் நுழைகிறது என்று எண்ணுபவர் இடுக்குகளை மட்டும் அடைப்பார். அது காற்றோட்டத்தை நிறுத்துமேயன்றி, உலோகத்தின் வழியே வெப்பம் போவதை நிறுத்தாது. பாலத்தைத் துண்டிக்க வேண்டும். புதிய நிலை வாங்குபவர், உள் உலோகத்துக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே, வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலியமைடு என்னும் நெகிழிப் பட்டை வைத்து இணைத்ததைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டையை ‘வெப்பத்தடை’ எனலாம். பழைய நிலையானால், சமையலறை, குளியலறை விசிறிகளை ஓடவிட்டு ஈரப்பதத்தைக் குறைப்பது முதல் வேலை. உட்பக்கம் நுரைப்பட்டை ஒட்டுவதும் உதவும். ஆனால் அதன் விளிம்புகளைச் சிலிக்கோனால் முழுவதும் அடைக்காவிட்டால், நீராவி பட்டைக்குப் பின்னே புகுந்து கண்ணில் படாமல் ஒடுங்கி, எஃகைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.